லிட்கம் ஈட்டிக்காரி

ரயில் வந்து நின்றதும் முதலில் ஈட்டியை ஏற்றிவிட்டுத்தான் அவள் ஏறுவாள். ஈட்டிக்கு ஓர் உறை உண்டு. நான் கொடுத்த பழைய நூல் சேலையில் அவளே கையால் தைத்தது. பெட்டியில் எத்தனை இருக்கை காலியாகக் கிடந்தாலும் உட்காரமாட்டாள். கதவுக்குப் பக்கத்தில் ஈட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி, லிட்கமிலிருந்து மைதானம்வரை நின்றுகொண்டே போவாள். சிட்னிக்காரர் நாகரிகம் தெரிந்தவர்கள், ஒருவரையும் நேராக முறைத்துப் பார்க்கமாட்டார்கள். யன்னல் கண்ணாடியில் விழும் அவளுடைய உருவத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு கிழவர் மட்டும் பொறுக்கமுடியாமல், மீன் பிடிக்கப் போகிறாயா என்று கேட்டுவிட்டாராம்.

“ஆமான்னுட்டேன் அக்கா. ஈட்டின்னு சொன்னா அடுத்த ஸ்டேஷன்ல போலீஸ்காரன் ஏறிருவான் லா.”

இதைச் சொன்னவள் சீனத்தி. பாஸ்போட்டில் இருக்கும் பெயர் வோங் சியூ யிங். லிட்கம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவள் சின்னப்பொண்ணு. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், வயது முப்பத்துநான்கு. பெயருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

நான் அவளை முதலில் கண்டது ஆஸ்பத்திரியில். பித்தப்பையை எடுத்துவிட்டு என்னைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டிருந்தார்கள். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் “ஐயோ, அம்மா” என்று முனகியிருக்கிறேன். வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு சீனமுகம் என்மேல் குனிந்தது. “அம்மா இங்க இல்ல, நான்தான் இருக்கேன். எங்க வலிக்குது?” என்றது. எனக்குப் பித்தப்பையோடு மூளையையும் எடுத்துவிட்டார்கள் என்றே முடிவுகட்டினேன். அடுத்த நாள் என் கணவர் வந்து, அந்தத் தாதி தன்னிடமும் தமிழில்தான் பேசினாள் என்று சத்தியம் செய்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மலேசியாவில் பேராக் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் அவளுடைய தகப்பனுக்கு மளிகைக் கடை. சாமான் வாங்க வருவதெல்லாம் பால்வெட்டும் தமிழ்ப் பெண்கள். கடை மேசைக்கு மேலே தலை தெரியாத வயதிலேயே ‘பருப்பு எவ்வளவு வேணும்?’ என்று கேட்கப் பழகிவிட்டாள். சியூ யிங் என்பது அந்தப் பெண்களுக்கு வாயில் நுழையவில்லை. கடைக்காரனின் சின்னப்பொண்ணு என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தாரான எங்களிடமும் அந்தப் பெயரைத்தான் சொல்லி அறிமுகமானாள். ஆமாம் என்பதற்கு நாங்கள் “ஓம்” என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். “என்னா அக்கா, வீட்டுக்கு வீடு பூசையா நடக்குது?” என்பாள். அவள் பேச்சின் வாலில் ஒட்டுகிற மலேசிய ‘லா’ எங்களுக்குச் சிரிப்பு.

ஈட்டி அவள் கைக்கு வந்தது ஈப்போவில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில். வரிசையில் கடைசியில் நின்ற நெட்டைப் பிள்ளையிடம் விளையாட்டு ஆசிரியை ஒரு ஈட்டியைக் கொடுத்து, எறி பார்க்கலாம் என்றாராம். இவள் எறிந்தது மைதானத்தைத் தாண்டி, மரத்தடியில் நிறுத்தியிருந்த அதே ஆசிரியையின் சைக்கிள் சில்லைக் குத்திவிட்டது. ஆசிரியை திட்டவில்லை. எட்டி எட்டிக் காலடியால் தூரத்தை அளந்து பார்த்துவிட்டு, நாளைக்கும் வா என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு பள்ளிக்கூடம், மாநிலம், நாடு என்று ஒவ்வொரு படியாக ஏறினாள். மலேசியா என்று நெஞ்சில் எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்து நாடுகளுக்குப் போய் எறிந்திருக்கிறாள். ஒருமுறை மூன்றாம் இடமும் வாங்கினாள். பிறகு ஒரு வருஷம் அணியில் அவளுடைய பெயர் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. தாதி வேலைக்கு விண்ணப்பித்து எழுபத்திரண்டில் சிட்னிக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த கையோடு அவள் தேடியது அறையை அல்ல, ஒரு தடகளக் கழகத்தை. இரவு வேலை முடித்துவிட்டு, தூங்காமல் நேரே மைதானத்துக்குப் போன சனிக்கிழமைகளும் உண்டு. ஆறு வருஷமாக இந்தக் கழகத்துக்காக எறிகிறாள்.

எறிகிற கையை அவள் நடத்துகிற விதம் தனி. படுக்கையில் அதற்கென்று ஒரு தலையணை இருக்கிறது. சந்தைக்குப் போனால் பை இடது கையில்தான். எங்களில் தையல் தெரிந்த யோகா அவளுக்குச் சேலைச் சட்டை தைத்துக் கொடுத்தபோது வலது கைக்கு மட்டும் துணியைக் கூடுதலாக விட்டுத் தைக்கவேண்டியிருந்தது. ஒரேயொரு வேலைக்குத்தான் அந்தக் கையை எங்களுக்குத் தருவாள். திறக்கமுடியாமல் இறுகிப்போன ஊறுகாய்ப் போத்தல்களை லிட்கம் பெண்கள் எல்லோரும் சேர்த்துவைத்து அவளிடம் கொண்டுபோவோம். குசினிக் கதவில் சாய்ந்து நின்று, பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்து வைப்பாள். எங்கள் புருஷன்மார் முழுப்பலத்தையும் போட்டுத் தோற்ற போத்தல்கள் அவை. அவர்கள் அந்த நேரத்தில் தொலைக்காட்சி பார்ப்பார்கள்.

எறியும்போது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வரும். “போடி!” என்று ஈட்டியைத்தான் விரட்டுகிறாள். கழகத்து வெள்ளைக்காரிகள் அதைச் சீனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹொங்கொங்கிலிருந்து வந்த ஒரு பெண் அது மலாய் மொழியாக இருக்கும் என்றாளாம். நாங்கள் யாரையும் திருத்தப் போகவில்லை.

எங்களுக்கு அவளுடைய ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி ஒரு சுற்றுலா மாதிரி ஆகிவிட்டது. பூங்காவின் பின்பக்கத்து வெறும் புல்வெளியில் அவள் எறிவாள். நாங்கள் பாய் விரித்து, தேநீர்ப் போத்தலும் வடையுமாக உட்கார்ந்திருப்போம். எனக்கு விளையாட்டு என்றாலே வேப்பங்காய். ரயிலைப் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை. ஆனால் அவள் ஓடிவருவதைப் பார்க்கப் பிடிக்கும். முதலில் சாதாரணமாகத்தான் வருவாள். பிறகு உடம்பு பக்கவாட்டில் திரும்பும், கால்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும், கை பின்னால் நீளும். அந்த நேரத்தில் வாயில் வடை இருந்தால் மெல்லாமல் அப்படியே வைத்திருப்பேன். கைவிட்டுப் போன ஈட்டி நடுங்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது ஏனோ எனக்குக் கண் கலங்கும். அழகான ஒன்றைக் கண்டால் அழுகிற வியாதி எனக்குச் சிறுவயதிலிருந்தே இருக்கிறது.

அவளிடம் இருப்பது ஒரே ஈட்டி. ஒவ்வொருமுறையும் எறிந்துவிட்டு அவ்வளவு தூரம் நடந்துபோய் எடுத்துவர வேண்டும். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யோகாவின் கணவர் தேவராஜாவால் முடியவில்லை. கொழும்பில் கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக்காக இருந்த மனிதர், இங்கே பிஸ்கட் தொழிற்சாலைச் சாமான் அறையில் வேலை. கல்யாண வீடோ, சாவீடோ, அங்கே கேட்காமலே கதிரை மேசை தூக்குகிறவர் ஒருவர் இருப்பார் அல்லவா, அந்த வகை. யாராவது எதையாவது தூக்கினால் மறுபக்கத்தைப் பிடிக்காமல் அவருக்கு நிற்க வராது. முதல் ஞாயிறே எழுந்து போய்விட்டார். அவள் ஓட ஆரம்பிக்குமுன் தூரத்தில் போய் நிற்பார். ஈட்டி விழுந்ததும் பிடுங்கிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுப்பார்.

“அண்ணே, ஓடாதீங்க. கூர் கீழ பாக்கணும். நட்டு வெச்ச மாதிரி நேரா புடிச்சிகிட்டு நடந்து வாங்க” என்று அவள் சொல்லிக்கொடுத்தாள்.

“ஓம் பிள்ளை, ஓம்” என்று அவர் அப்படியே வருவார். இப்படி மூன்று கோடைகாலம் போயிற்று.

போன வருஷம் அவளுக்குக் குடியுரிமை கிடைத்தது. எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். பாயசத்தைக் குடித்துக்கொண்டே அவள் மனத்தில் இருந்ததைச் சொன்னாள். இனி மாநில அணிக்கு அவளையும் எடுக்கலாம். மார்ச்சில் நடக்கும் மாநிலப் போட்டியில் முதலிரண்டு இடத்தில் வந்தால் மாநிலத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு தேசியப் போட்டிக்குப் போகலாம். தோள் ஏற்கெனவே முறைப்பாடு சொல்ல ஆரம்பித்துவிட்டது. இந்த வருஷத்தை விட்டால் இல்லை.

“ஒரு சட்டைக்கா இவ்வளவு பாடு?” என்று நான் கேட்டேன். எனக்கு நாக்கில் சனி.

அவள் கோபிக்கவில்லை. “அங்க இருந்தப்ப, நீ சீனத்திதானேம்பாங்க. இங்க வந்தா, நீ எந்த ஊருங்கறாங்க. நெஞ்சில ஒரு ஊரு பேரு எழுதியிருந்தா யாரும் கேக்கமாட்டாங்க அக்கா. சட்டையே சொல்லிரும் லா.”

அதற்குப் பிறகு நான் பாயசத்தைப் பற்றி மட்டும் பேசினேன்.

போட்டி நாளன்று காலையில் நல்ல மழை. நாங்கள் குடும்பம் குடும்பமாகப் போய் இறங்கினோம். குடை, பாய், புளிச்சாதம், சின்னப்பொண்ணுக்குக் கற்கண்டு போட்ட பால், எல்லாம் இருந்தன. மழை விட்ட நேரத்தில் மைதானத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து ஆண்களும் பிள்ளைகளும் எறிந்து எறிந்து, ஈரப்புல் முழுவதும் அம்மைத் தழும்பாக ஓட்டை விழுந்து கிடந்தது.

ஆளுக்கு ஆறு எறி. ஐந்து முடிந்தபோது சின்னப்பொண்ணு மூன்றாம் இடத்தில் இருந்தாள். இரண்டாம் இடத்தில் ஒரு பொன்முடிப் பிள்ளை, பத்தொன்பது வயதிருக்கும். ஈட்டி விழும் இடத்தில் கொடியோடும் அளவு நாடாவோடும் மூன்று நடுவர்கள் நின்றார்கள். எல்லோருடைய ஈட்டியும் அவர்கள் காலடியில்தான் விழுந்துகொண்டிருந்தது. தேவராஜா எங்களோடு இருக்கவில்லை. கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே, நடுவர்களுக்கும் அப்பால், மைதானத்தின் கோடியில் போய்த் தனியாக நின்றார். “அங்க யாருக்குக் காவல் நிக்கிறார் இந்த மனுசன்?” என்று யோகா அலுத்துக்கொண்டாள்.

ஆறாவது எறிக்கு அவள் ஓடிவந்தாள். அந்த ஓட்டத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. “போடி!” என்ற சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஈட்டி எழுந்தது, இறங்க மறந்ததுபோல் போய்க்கொண்டேயிருந்தது. நடுவர்கள் மூவரும் தலையை நிமிர்த்தினார்கள், பிறகு திரும்பினார்கள், பிறகு ஓட ஆரம்பித்தார்கள். ஈட்டி அவர்கள் தலைக்கு மேலால் கடந்துபோய்க் கூர் முதலில் பட அழகாகக் குத்தி நின்றது. நாங்கள் எழும்பி நின்று கத்தினோம். முதலிடமே கிடைத்துவிடும் போலிருந்தது.

அப்போது தேவராஜா கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். நடுவர்களுக்குமுன் ஈட்டியிடம் போய்ச் சேர்ந்தார். பிடுங்கினார். கூர் கீழே பார்க்க, நட்டு வைத்தமாதிரி நேராகப் பிடித்துக்கொண்டு, ஓடாமல், முகமெல்லாம் சிரிப்போடு அவளை நோக்கி நடந்து வந்தார்.

விழுந்த இடத்தில் முளை அடித்து அளந்தால்தான் எறி கணக்கு. தலைமை நடுவர், வெள்ளைத் தொப்பி போட்ட மெலிந்த பெண்மணி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பாதிவழியில்தான் தேவராஜாவுக்கு விளங்கியது. நின்றார். ஈட்டியைத் திருப்பிக் குத்தலாமா என்று நினைத்தவர்போல் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே நூறு ஓட்டைகள் இருந்தன.

“இதுதான் மிஸ்ஸிஸ்! இதுக்கைதான் விழுந்தது! நான் பார்த்தனான்!” என்று ஓர் ஓட்டையைக் காட்டி, தமிழிலும் ஆங்கிலத்திலுமாகக் கெஞ்சினார். அந்த அம்மாள் மோசமானவர் அல்ல. தானும் குனிந்து பார்த்தார், மற்ற இருவரையும் கேட்டார். அவர்கள் ஓடிக்கொண்டிருந்ததால் சரியான இடத்தைச் சொல்லமுடியவில்லை. அவளோடு வந்த ஆள் காட்டும் ஓட்டையை நாடா பிடித்து அளக்கமுடியாது என்றார். வெளியாள் குறுக்கிட்டதால் இன்னோர் எறி தரலாம், சட்டத்தில் அவ்வளவுதான் இடம் உண்டு.

எனக்கு வந்த கோபத்தில் தேவராஜாவை அந்த ஓட்டையிலேயே புதைத்திருப்பேன். யோகா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சின்னப்பொண்ணு அவ்வளவு தூரமும் நடந்து போனாள். அவர் ஈட்டியை நீட்டினார். அவள் ஈட்டியை வாங்கினாள். கூரில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் சட்டையிலே துடைத்தாள். “தள்ளி நில்லுங்க அண்ணே, அடிபட்டுரும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

உடம்பில் உள்ள அத்தனையையும் ஓர் எறியில் போட்டு முடித்தவளை உடனே இன்னொரு தடவை எறி என்றால் எப்படி? ஓடிவந்தாள், எறிந்தாள். நடுவர்கள் இந்தமுறை நன்றாகப் பின்னுக்குப் போய் நின்றிருந்தார்கள். ஈட்டி அவர்களுக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. மூன்றாம் இடம். பொன்முடிப் பிள்ளை ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதது. இவள் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், ஆஸ்பத்திரியில் எனக்குத் தட்டியதைப்போல.

நான் போய், “பிள்ளை…” என்றேன்.

“பசிக்குது அக்கா. புளிச்சாதம் இருக்கா?” என்றாள். ஒரு பாத்திரம் முழுவதையும் சாப்பிட்டாள். கடைசி வாயில்தான் அவளுடைய கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்தது. காரம் என்றாள். புளிச்சாதத்தில் நான் மிளகாயைக் காட்டியதோடு சரி.

அந்தக் கிழமை முழுவதும் தேவராஜா வேலைக்குப் போனார், வந்தார், யாரோடும் கதைக்கவில்லை. யோகா வைத்த சோறு வைத்தபடியே கிடந்தது. அடுத்த ஞாயிறு காலை சின்னப்பொண்ணு ஈட்டியும் கையுமாக என் வீட்டு வாசலில் நின்றாள். சட்டை கைவிட்டுப் போன பிறகு எதற்குப் பயிற்சி என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நாக்கை அடக்க இப்போது பழகியிருக்கிறேன்.

“வாங்க அக்கா, அண்ணன் வீட்டுக்குப் போகலாம்.”

கதவைத் திறந்த தேவராஜா எங்களைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார். சவரம் செய்யாத முகம்.

“நான் வரேல்லைப் பிள்ளை. என்ர கையாலை உன்ர வாழ்க்கையைப் பிடுங்கிப்போட்டன். இனி என்ர கை அதைத் தொடாது.”

“அண்ணே, அன்னிக்கு நாடா புடிச்ச ஆபீசருங்க எங்க நின்னாங்க?”

“முன்னாலை.”

“ஏன் முன்னால நின்னாங்க? அதுக்கு மேல போகாதுன்னு நெனச்சாங்க. நீங்க ஏன் அவ்ளோ தூரம் போயி நின்னீங்க?”

அவர் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார்.

“அந்த மைதானத்துல, அவ்ளோ தூரம் போகும்னு நெனச்சது நீங்க ஒருத்தர்தான் லா. நானே நெனக்கல.” செருப்பை அவர் காலடிக்குத் தள்ளினாள். “வாங்க.”

வந்தார். பூங்காவில் பழைய இடத்தில் போய் நின்றார். ஆனால் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் ஓடிவந்து எறிந்தாள். ஈட்டி அவருக்கு இரண்டடி தள்ளிக் குத்தி, ஆடி நின்றது. அவர் அசையவில்லை.

“நீயே வந்து எடு பிள்ளை!” என்று அங்கிருந்து கத்தினார். “நான் தொடமாட்டன்!”

யோகா பாயிலிருந்து எழும்பப் பார்த்தாள். நானும் எழும்பினேன். சின்னப்பொண்ணு எங்களைப் பார்த்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினாள். பிறகு குனிந்து, காலில் இருந்த இரண்டு சப்பாத்தையும் கழற்றிப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு, அவரைப் பார்த்தபடி புல்லில் சம்மணம் கட்டி உட்கார்ந்துகொண்டாள்.